கண்மாயை வேண்டாம் என்ற கூட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ராஜபாளையத்தில் நூற்பாலை நடத்திவந்த முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டுத் தன் குடும்ப அறக்கட்டளையின் நிதியுதவிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதுவரை நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழின் நிருபர். யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று எழுதியே காலம் தள்ளியவன் கையில் கொடுக்கும் வேலை வந்தது. மடவார் வளாகத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்வந்தேன்.

அறக்கட்டளை அதற்கு முன் கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூட பெஞ்சு, அன்னதானம் என்று ஒழுங்காகத்தான் இருந்தது. முதலாளி ஒருமுறை வெளிநாடு போய்விட்டு இரண்டு புதிய நோக்கங்களோடு திரும்பினார். ஒன்று ஜனநாயகம், மற்றது பருவநிலை. இரண்டும் ஆபத்தில் இருப்பதாக அங்கே ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"பூமி வருசா வருசம் சூடாகிக்கிட்டே போகுதாம், தெரியுமா நிருபரே?" என்றார். வேலையை விட்ட பிறகும் அவருக்கு நான் நிருபர்தான்.

இந்தப் புதிய நோக்கங்கள் பற்றிய அவருடைய ஆணையைத் தட்டச்சு செய்த அலுவலக அம்மா, தாளை என்னிடம் நீட்டும்போது மெல்லக் கேட்டார். "ராஜபாளையத்துல என்னைக்கு சார் சூடு கொறஞ்சு இருந்துச்சு?"

அப்போதுதான் ஊராட்சித் தேர்தல் முடிந்து, பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களில் பெண்கள் தலைவராகியிருந்தார்கள். வன்னியம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தின் தலைவியிடமிருந்து மனு வந்தது. நான்கு பக்கம், கையெழுத்துப் பிரதி. ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் முள்ளை வெட்டித் தூரெடுத்தால் தண்ணீர் நிற்கும், இந்த ஆண்டும் நிற்காவிட்டால் நடவு இல்லை, ஊரில் பாதிப் பேர் பிழைப்புத் தேடிக் கிளம்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். ஜனநாயகமும் பருவநிலையும் ஒரே உறையில் வந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பக்கத்தையும் ஒரு பக்கமாகச் சுருக்கி முதலாளியிடம் வைத்தேன். செய்தியைச் சுருக்குவதுபோலத்தான் சுருக்கினேன்.

ஆவணி மாதம் ஊருக்குப் போனேன். வரவேற்றவர் தலைவியின் கணவர். ஊர் அவரைத்தான் 'தலைவரே' என்றது. தேர்தலில் ஜெயித்தவரை 'தலைவர் வீட்டம்மா' என்றது. கணவர் ஒரு நீளமான தீர்மான நோட்டை என் முன்னால் விரித்தார்.

"கூட்டம் போட்டுத் தீர்மானம் நெறவேத்தியாச்சு சார்."

"எப்போது?"

"நீங்க சொல்லுங்க, அந்தத் தேதியப் போட்டுக்கிடுவோம்."

பக்கத்தின் மேல்பாதி காலி. கீழ்ப்பாதியில் ஐம்பது கையெழுத்து, கைநாட்டு. இன்னும் சில பக்கங்களைப் புரட்டினேன். அவற்றிலும் அப்படித்தான். இனி வரப்போகும் தீர்மானங்கள் எல்லாவற்றுக்கும் ஊர் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டிருந்தது.

பத்திரிகைக்காரனுக்கு ரத்தம் சூடானது. உண்மையாகவே கூட்டம் கூட வேண்டும், என் கண்ணெதிரில் கை தூக்க வேண்டும், ஊர் முடிவு எதுவோ அதுதான் அறக்கட்டளையின் முடிவு என்று சொல்லிவிட்டேன். சிறிய சொற்பொழிவாகவே அது ஆகிவிட்டது.

கதவருகில் நின்றிருந்த தலைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும். "கூட்டம் போடலாம் சார். நான் எழுதுனது அம்புட்டயும் அதுல வாசிப்பீகளா?"

"சுருக்கம் இருக்கிறது, அதை வாசிப்பேன்" என்றேன்.

மில் பஸ் பெண்களை இறக்கிவிட்டுப் போன மாலை ஒன்றில் கூட்டம் நடந்தது. ஆண்கள் வேப்பமரத்தடியில், பெண்கள் எதிரே பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி. சுருக்கத்தை வாசித்து முடித்து, கண்மாயில் முள் வெட்டச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். ஆண்கள் பக்கம் எல்லாக் கைகளும் எழுந்தன. பெண்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"வேண்டாம் என்பவர்கள்?"

பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். ஆண்களில் பலர் அன்று இரண்டாவது ஷிப்டில் இருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன். கண்மாய் தோற்றிருந்தது. தலைவி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? தண்ணி வேண்டாமாக்கும்?" என்று மரத்தடியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"தண்ணி வேணும். முள்ளும் வேணும்" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்.

"எதற்கம்மா முள்?" என்று கேட்டேன். நிருபராக நான் கேட்ட அசட்டுக் கேள்விகள் பல உண்டு. இதற்கு முன்னால் அவை நிற்காது. பெண்கள் பக்கம் முந்தானைக்குள் ஒரு சிரிப்பு ஆரம்பித்து வரிசை முழுக்க ஓடியது.

"சார் வீட்டுல கொல்லைக்குக் கதவு இருக்குல்ல, அதான் கேக்காக" என்றார் அந்த அம்மா.

கூட்டம் கலைந்ததும் தலைவி என்னைப் பார்க்காமல் கண்மாயைப் பார்த்துக்கொண்டு பேசினார். "விடியுமுன்ன பொம்பளைக அம்புட்டுப் பேரும் அந்த முள்ளுக்குள்ளதான் சார் போயி வாரோம். வெட்டிட்டா ஒரு மறைப்பு இல்ல. அதத்தான் கடைசில எழுதியிருந்தேன். நீங்க ஏன் வாசிக்கல?"

மறுநாள் அலுவலகத்தில் கோப்பை எடுத்தேன். நான்காம் பக்கம், அடிவரிகள். 'மேலும் முள் வெட்டுமுன் கண்மாயின் தென்புறம் பெண்கள் உபயோகத்திற்குத் தண்ணீர்த் தொட்டியுடன் ஒரு கட்டடம் கட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' செய்தி நீண்டால் அடியிலிருந்து வெட்டு என்பது நான் முதல் வாரத்தில் கற்ற பாடம். முக்கியமானது தலையில் இருக்கும், கடைசிப் பத்தி போனால் ஒன்றும் கெடாது. ஆனால் நம் ஊர் மனுக்களில் ஆள் மூன்று பக்கம் சுற்றி வந்து, கூச்சம் தெளிந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறார். பல வருடம் மனு வாங்கிச் செய்தி எழுதியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முழு மனுவோடு முதலாளியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"கக்கூஸுக்கும் பூமி சூடாகுறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

விளக்கினேன். சம்பந்தத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. அறக்கட்டளை கட்டும் எதிலும் அவருடைய தந்தையார் பெயரில் சலவைக்கல் பதிப்பது வழக்கம். பெஞ்சுகளில்கூடப் பெயின்டில் அந்தப் பெயர் உண்டு.

"எங்க அப்பா பேரைக் கக்கூஸ்ல வைக்கச் சொல்லுதியா? கல்லு இல்லாம கட்டுனா, டிரஸ்டுல எங்க சித்தப்பா ஒத்துக்கிட மாட்டாரு."

ஒரு வாரம் இப்படியே போனது. புரட்டாசி பிறந்துவிட்டது. நான் எழுதிய குறிப்புகள் மேலே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தன. கல் பதிக்கும் சிக்கலைத் தலைவிக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை தலைவி தனியாகப் பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பெரிய மொதலாளி பேரக் கண்மாய் மடையில பதிச்சிருவோம் அய்யா. தண்ணி போற எடம், பாக்க நல்லா இருக்கும்."

"அந்தக் கட்டடத்துக்கு?" என்றார் முதலாளி. "யாரு பேராச்சும் போட்டாகணுமே."

"எம் பேரப் போட்டுக்கிடுங்க. நான் என்ன கொறஞ்சா போவேன்? இதுவரைக்கும் ஊருல ஒண்ணுலயும் எம் பேரு இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்தார்.

இரண்டாவது கூட்டத்தில் நான்கு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பெண்கள் கை தூக்கினார்கள், ஒரு நிபந்தனையோடு. சுவர் எழுந்து கதவு மாட்டிய பிறகுதான் அரிவாள் முள்ளில் பட வேண்டும். என் வார்த்தையை நம்பி முதலில் வெட்ட அவர்கள் தயாராக இல்லை. அதைக் குறை சொல்லும் நிலையில் நானும் இல்லை.

கதவு மாட்டியபோது ஐப்பசி பிறந்திருந்தது. இரண்டு வாரம் முள் வெட்டினார்கள். மேற்கே பிளவக்கல் பக்கம் மலை இருண்டது, மழை பிடித்துக்கொண்டது. பாதிக் கண்மாய்தான் சுத்தமாகியிருந்தது.

மழை விட்ட ஒரு நாள் கரையில் தலைவியோடு நின்றேன். வெட்டிய பாதியில் தண்ணீர் விரிந்து கிடந்தது. மறுபாதியில் முள் அப்படியே நின்றது. நான் அந்தக் கடைசி வரிகளை வெட்டாமல் இருந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும் என்று சொன்னேன்.

"ஆமா சார், ஆயிருக்கும்" என்றார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. "இந்தத் தண்ணிக்குக் கீழ்வயலு மட்டும் நடலாம். மேல்வயலுக்காரவுக நாலு வீடு போன வாரமே கெளம்பிட்டாக."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்வயல் பக்கச் சரிவில் இறங்கினார்.

"பாத்து வாங்க சார், சேறு வழுக்கும்."