நான் சொல்ல மறுத்த வசனம்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், சில விஷயம் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்னால் பேச எனக்குக் கூச்சம். இப்போது குறும்படத்தில் நடிக்கிற பிள்ளைகள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.

1. முதல் நாள்

எங்கள் ஊர் சல்லிக் கடற்கரையில் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தார்கள். மீனவரின் மகளாக நடிக்க ஒரு பிள்ளை தேவைப்பட்டது. எனக்கு எட்டு வயது. ஓடு என்றார்கள், ஓடினேன். அழு என்றார்கள், அழுதேன். என்னை எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் எனக்கு அப்பாவாக நடித்தவருக்குத் துடுப்புப் பிடித்துத் தோணி வலிக்கத் தெரியாது. அதனால் தூரக் காட்சிக்கு அவருடைய சட்டையை என் சொந்த அப்பாவுக்குப் போட்டுத் தோணியில் ஏற்றுவது என்று முடிவெடுத்தார்கள். காட்சி முடிந்ததும் அப்பா அப்படியே கடலுக்குள் வலை இழுக்கப் போய்விடுவார்.

2. டேக்

தோணி போகும்போது நான் பின்னால் ஓடி, "அப்பா, எப்ப வருவீங்கள்?" என்று கத்த வேண்டும். எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவரிடம் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் ஆள் திரும்பி வராது என்ற பயம். ஒத்திகையில் மணலில் நின்ற நடிகரிடம் கேட்டேன், அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடியக் கெமரா ஓடியது. நானும் ஓடினேன். வாய் திறக்கவில்லை.

"கட். என்ன பிள்ளை, வசனம் மறந்துபோச்சா?" என்றார் டைரக்டர்.

"மறக்கேல்ல. சொல்ல ஏலாது."

"நேற்று வடிவாச் சொன்னனீதானே?"

"நேற்று அந்த மாமா. இண்டைக்கு எங்கட அப்பா."

"படத்தில அவர்தான் அந்த மாமா. சட்டையைப் பார்."

"சட்டைதான் மாமாவின்ர. உள்ளுக்கு அப்பா."

கெமராக்காரர் சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை. "பிலிம் வீணாப் போகுது. ஏலாதெண்டால் வேற பிள்ளையைப் பாப்பம்."

கூட வந்திருந்த அம்மா என் காதுக்குள், "சொல்லிப்போட்டு மனசுக்குள்ள பிள்ளையாரைக் கும்பிடு மகள்" என்றார்.

"அப்ப நீங்கள் கேளுங்கோ அம்மா."

அம்மா தோணியைப் பார்த்தார். கேட்கவில்லை.

எனக்கு நடிப்பை விடவும் மனமில்லை. டைரக்டருக்கு முன்னால் போய் நின்றேன். "அப்பா கரைக்கு வந்த பிறகு சொல்லுறன். இப்ப ஓடுறதை மட்டும் எடுங்கோ."

"தோணி இல்லாமல் ஆரைப் பார்த்துச் சொல்லுவாய்?"

கெமராக்காரர் குறுக்கிட்டார். "பிள்ளை சொல்லுறது சரி ஐயா. முகத்தைத் தனியா எடுக்கலாம். ஆனா இதே வெளிச்சம் நாளைக்கு விடியத்தான் வரும்."

"உன்னால ஒரு நாள் போச்சு" என்றார் டைரக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வசனத்தைச் சொல்லவில்லை. அன்று என் ஓட்டத்தை மட்டும் எடுத்தார்கள், அப்பா கடலுக்குப் போனார்.

3. மறுநாள்

அப்பா அன்று மத்தியானமே கரைக்கு வந்துவிட்டார். மறுநாள் விடிய அவரைக் கெமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவரைப் பார்த்துக் கேட்டேன்: "அப்பா, எப்ப வருவீங்கள்?"

"வந்திட்டன்தானே" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு டேக் எடுத்தார்கள்.

அதன்பின் மூன்று படங்களில் நடித்தேன். பதின்மூன்று வயதில், வளர்ந்துவிட்டாய் என்று கூப்பிடாமல் விட்டார்கள். அந்த மூன்றிலும் வசனத்தை முதல் நாளே வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்பேன். ஏலாததை அங்கேயே சொல்லிவிடுவேன். ஏச்சு வாங்கினேன், ஆனால் வேலை போகவில்லை. பிள்ளைகளே, நீங்களும் கெமரா ஓட முதல் கேளுங்கள்.

முதல் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது நான் வேறு படப்பிடிப்பில் இருந்தேன். சிரித்த டேக்கைப் போட்டார்களா, மற்றதைப் போட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.