ரப்பர் மரக் கதவு

பீர் முஹம்மதுவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது, மேற்கு மாம்பலத்தில் இருந்த மரக்கடையை மூடிவிடலாம் என்றுதான் உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி நஸ்ருன்னிசா கேட்கவில்லை. மறு வாரமே கடையில் போய் உட்கார்ந்தாள். ஆனால் இருபது வருடம் மரக்கடைக்காரரோடு குடும்பம் நடத்தியும், தேக்கு எது, வேங்கை எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

பாலவாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் தனியாக வசித்தவர் சரோஜாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசல் கதவுக்கு மரம் வாங்கத் தச்சர் முத்துகிருஷ்ணனை இந்தக் கடைக்கு அனுப்பியிருந்தார். கேரளத்திலிருந்து வந்த ரப்பர் மரப் பலகைகள் வெளிர் நிறத்தில், முடிச்சில்லாமல், பார்க்க லட்சணமாக இருந்தன. மழைச் சாரல் அடிக்கிற வாசலுக்கு இது தாங்குமா என்று முத்துகிருஷ்ணன் தயங்கினார். தாங்கும் என்று அடித்துச் சொன்னாள் நஸ்ருன்னிசா. தெரியாது என்றால் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு.

ஐப்பசி மழையில் கதவு ஊதி, நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட சரோஜாதேவிக்கு ஜன்னலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் யாரோ கேட்டு வந்து கதவை உடைத்தார்கள். பழி முத்துகிருஷ்ணன் மேல் விழுந்தது. அளவு தெரியாத ஆள் என்று தெருவே பேசியது. அங்கே பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலையும் கைநழுவிப் போயிற்று. இதையெல்லாம் நஸ்ருன்னிசாவிடம் வந்து சொன்னபோது முத்துகிருஷ்ணன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவள், மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பாலவாக்கம் போனாள்.

"தப்பு என்னுதும்மா. ரப்பர் மரம் வூட்டுக்குள்ள போடுற கட்டிலு, மேசைக்குத்தான் ஆவும். தண்ணி பட்டா உப்பிடும். அது தெரியாமலே தாங்கும்னு சொல்லிட்டேன். தச்சரு அப்பவே சந்தேகப்பட்டாரு."

சரோஜாதேவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க வரலேன்னா அந்த மனுஷனைக் கடைசிவரைக்கும் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்."

அன்று மாலையே பக்கத்து வீடுகளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார்.

புதுக் கதவுக்கு நஸ்ருன்னிசா தானாக மரம் எடுக்கவில்லை. நாலைந்து துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரின் இடது கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். குளிர் தேசத்துப் பைன் மரத் துண்டை முகர்ந்துவிட்டு, சாமான் அடைத்து அனுப்பும் மரப்பெட்டி ஒன்றின் படத்தை அவர் செல்போனில் காட்டினார். பெட்டிக்குத்தான் ஆகும் என்று அர்த்தம். மலபார் தேக்கை விரலால் தடவியவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதில் முத்துகிருஷ்ணனே கதவு செய்தார். கைநழுவிய இரண்டு வேலையில் ஒன்று அவரிடமே திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை.

இப்போது காலையில் ஆட்டோவில் கணவனும் மனைவியும் இரண்டு பேராகத்தான் கடைக்கு வருகிறார்கள். வாங்க வருகிறவர்களிடம் நஸ்ருன்னிசா, வீடு எங்கே, வெயிலும் சாரலும் எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரிக்கிறாள். தெரியாததைக் கேட்டால், "இருங்க, அவர கேட்டுச் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் கணவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிப் பக்கம் திரும்புகிறாள்.