கழிவுப் பொத்தான்

என் மகன் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒரு எண்ணைச் சேமித்து வைக்கிற பொத்தானையெல்லாம் டெக்னோலஜி என்று சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளில் நானும் அக்காவும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தோம். மழை நாளில் ஈரக் கொழுந்து கனக்கும் என்று நிறுவையில் கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு என்பதைக் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கைவிட்டுப் பார்த்துச் சொல்வார். நாங்கள் லேசில் விடமாட்டோம். மல்லுக்கு நின்று பாதியையாவது மீட்போம்.

பிறகு அவர் கைக்கு ஒரு கல்குலேட்டர் வந்தது. கழிவை ஒருமுறை அதில் போட்டு வைத்தால் போதும், ஒரு பொத்தானை அமுக்கி ஒவ்வொருத்தி நிறையிலும் கழித்துவிடலாம். "இதுதாம்மா டெக்னோலஜி" என்று அவருக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு கொழுந்தில் அவர் கை படவே இல்லை.

அன்று காலையில் மழை, மத்தியானம் சுள்ளென்று வெயில். அந்தி நிறுவைக்கு அக்கா கொண்டுவந்த கொழுந்தில் பொட்டு ஈரமில்லை. அவர் காலையில் போட்ட கழிவையே அமுக்கினார்.

"காஞ்ச கொழுந்துங்க. கைய வச்சுப் பாருங்க" என்றாள் அக்கா.

"நானா கழிக்கிறேன்? மெசின்தானே கழிக்குது. நிறை பத்தல, அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் முழுநாள் உழைப்பும் பாதி நாளாகிவிடும். மனிதரென்றால் சண்டை போடலாம், அந்தப் பெட்டியிடம் என்னத்தைப் பேசுவது? கொழுந்து ஏற்ற லொறி வரும்வரை நிறுப்பார்கள், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.

"போனாப் போகுது, வாக்கா, லயத்து வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"இரு, கொறையிறத எடுத்துட்டு வந்துர்றேன்" என்று கூடையை மாட்டிக்கொண்டு மறுபடி மலையேறினாள். தண்ணீர் வடிகிற கானோரத்துச் சேறு இன்னும் காயவில்லை. வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. பிறகும் அவளுக்குப் பிள்ளையே இல்லை. அந்தக் கணக்கப்பிள்ளை மேல் எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் வைத்தே மகன் சொன்னான்: "அது டெக்னோலஜியே இல்லம்மா. சும்மா ஒரு மெமரி பொத்தான்."

பலகாரத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அக்கா கேட்டாள்: "போட்டு வச்ச கழிவ அழிக்கிறதுக்கு அதுல ஏதாச்சும் இருந்துச்சாப்பா?"

அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இருந்துச்சு பெரியம்மா. அதுக்குப் பக்கத்துப் பொத்தான்."