தெல்தோட்டையில் அழித்தது கண்டியில் அழியவில்லை

கண்டியில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நிரல் எழுதுபவர்கள் இரண்டே பேர். நானும், யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவரும். தோட்டங்களில் இலவச வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு அமைப்புக்கு, நோயாளர் விவரங்களைப் பதியும் இணையச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்தோம். தெல்தோட்டை, மடுல்கெல்ல என்று ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒரு கணினி. செயலி அதில் இருக்கும். தரவுத்தளம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாகக் கண்டியில்.

செயலியை நிறுவுவதற்கான பொதியைக் கட்டியவர் அவர். நிறுவும்போது அதுவே தரவுத்தளத்தை அமைக்கும், நீக்கும்போது அதுவே அழிக்கும். எல்லாம் ஒரே கணினியில் இருந்தால் நல்ல ஏற்பாடுதான். தெல்தோட்டையில் அதைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அங்க யாராவது செயலிய நீக்கினா, மடுல்கெல்ல நோயாளிங்க விவரமும் சேர்ந்து போயிடுமே?" என்றேன்.

"ஆர் நீக்கப்போகினம்? அவைக்கு அது எங்க இருக்கெண்டே தெரியாது."

"நீக்குவாங்க. பொதி தான் இருக்கிற கணினிய மட்டும் பார்த்துக்கட்டும். தூரத்துல இருக்கிறதைத் தொட வேணாம்."

அப்படியானால் தரவுத்தளத்தைக் கையால்தான் அமைக்க வேண்டிவரும், இரட்டை வேலை என்றார். நான் செய்கிறேன் என்றேன். பொதி கண்டித் தரவுத்தளத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் பயனர் கணக்குக்கு எழுதவும் வாசிக்கவும் மட்டும் உரிமை வைத்தேன். அழிக்கும் உரிமையை எடுத்துவிட்டேன். பொதியைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் தெல்தோட்டை நர்ஸ் அழைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்திருந்தேன்.

"தங்கச்சி, புது கம்ப்யூட்டர் வந்திருக்கு. பழசை ஸ்கூலுக்குக் குடுக்கப் போறோம். நோயாளிங்க விவரம் வெளிய போயிடக்கூடாதில்ல, அதான் எல்லாத்தையும் நீக்கிட்டேன். தரவையும் அழிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு குடுத்தேன்."

பொதியைக் கட்டியவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். எனக்கும் ஒரு கணம் பயம்தான், பொய் சொல்வானேன். ஆனால் செய்த வேலையில் நம்பிக்கை இருந்தது. கண்டித் தரவுத்தளத்தைத் திறந்தேன். அழிக்கச் சொல்லி வந்த கட்டளை அங்கே மறுக்கப்பட்டுக் கிடந்தது. அதற்குக் கீழே, அந்த நேரத்திலேயே மடுல்கெல்லவில் ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பதிந்துகொண்டிருந்தார்கள்.

"ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?" என்றார் நர்ஸ்.

"இல்ல மிஸ். நீங்க செஞ்சது சரிதான். இங்க எல்லாம் பத்திரமா இருக்கு."

எழுந்து நின்றவர் மெதுவாக உட்கார்ந்து, "ஓம், நீங்கள் சொன்னதுதான் சரி. பொதியை இண்டைக்கே மாத்திறன்" என்றார். மாற்றினார். புதுக் கணினியில் போட என்னையும் கூட்டிக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனார்.

நிறுவினார். நீக்கினார். கண்டியில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நிறுவினார். அப்புறமும் நீக்கினார். மருந்து கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் பொறுக்க மாட்டாமல் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இப்பதானே போட்டீங்க?"

"இன்னும் ஒருக்கா, மிஸ்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.