வலிக்காத முழங்கால்

என் வலது முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

ஸ்ரீரங்கத்து வீதிகளில் நான் சாய்ந்து சாய்ந்து நடப்பதை நீ பார்த்திருக்கலாம். ஆட்டோக்காரர்கள் எனக்காக வாசலை ஒட்டி வண்டியை நிறுத்துகிறார்கள். டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நானும் நன்றி சொல்லி உட்காருகிறேன்... எல்லாம் பொய்! பழகிப் பழகி, இப்போது யாருமில்லாத அறையிலும் அந்தக் கால் தானாகவே இழுக்கிறது.

ராஜேந்திரனிடமும் ஜெயந்தியிடமும் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன். நீ அவர்களைப் பார்க்கப் போவதில்லை, அதனால்தான்.

ஆனால் முதலில் என் பெருமையைக் கேள். அதைக் கேட்காமல் என் குற்றம் உனக்கு விளங்காது.

நான் பனியை மிதித்ததில்லை. வசனகவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், வியர்த்து வழியும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இமயத்தின் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறு பள்ளத்தாக்குக்கு, பனியாறுகளின் முதுகின் மேலாக, பலநாள் நெடுநடை ஒன்றுக்கு வழி வகுத்தவன் நான்! வரைபடத்தின் சம உயரக் கோடுகளைக் கைரேகை போலப் படித்தேன். எந்தப் பக்கம் பனி வாய்பிளந்து கிடக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களில் கோடைக்குக் கோடை ஒப்பிட்டேன். எந்த மேட்டில் கூடாரம், எந்தச் சரிவில் கல் உருளும், வானம் கெட்டால் எதுவரை திரும்பலாம், எதைத் தாண்டினால் திரும்புவதைவிட முன்னே போவதே மேல்... என் கவிதை எதிலும் இல்லாத கட்டு அந்த ஒரு கோட்டில் இருந்தது.

ராஜேந்திரன் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். ஜெயந்தி மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்துகிறவள். மலைக்கோட்டைப் படிகளில் காலைதோறும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கியே நாங்கள் மூவரும் சிநேகமானோம். மூவரும் போவது, அங்கே மலையூரில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது என்று ஏற்பாடு.

பனிக்கு எங்கே போவது? எங்களுக்கு இருந்தது கொள்ளிடத்து மணல். இடுப்போடு இடுப்பாய்க் கயிறு கட்டிக்கொண்டு, வறண்ட ஆற்றில் இடைவெளி விட்டு நடந்தோம். மணல் அள்ளிய பள்ளங்கள்தாம் எங்கள் பனிப்பிளவுகள். ஜெயந்தி வேண்டுமென்றே ஒன்றில் சரிவாள். நாங்கள் கப்பி போட்டு இழுப்போம்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏங்க, அந்தப் பொண்ணு தப்பிச்சு ஓடிருமுன்னா கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறீங்க?"

"இல்லக்கா," என்றாள் ஜெயந்தி பள்ளத்துக்குள்ளிருந்து. "இவங்க ரெண்டு பேரும் தொலைஞ்சு போயிடுவாங்கன்னு நான்தான் கட்டி வச்சிருக்கேன்!"

இனி அந்த நாள்.

காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களைப் பழக வேண்டும் என்று ராஜேந்திரன், மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஐஸ் பாளங்களை டெம்போவில் கொண்டுவந்து என் மொட்டை மாடியில் அடுக்கினார். ஜெயந்தி ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து சுற்றிலும் கொட்டினாள். காலையில் ஏறி இறங்கிப் பழகிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அப்போது மாடியில் ஈரம்கூடச் சரியாக இல்லை. மூன்று மணி வாக்கில் கீழ்வீட்டு மாமியின் குரல் படியேறி வந்தது.

"என்ன ஸார், மாடில யாருக்குத் திருமஞ்சனம்? முத்தத்துல எங்காத்து வடாம் அத்தனையும் மிதக்கறது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். உமியை அள்ளிக்கொண்டு தண்ணீர் மாடியின் வடிகுழாய் வாயில் திமிறிக்கொண்டிருந்தது. காலையில் இழையாய்க் கசிந்தது, உச்சி வெயிலைக் குடித்துவிட்டு இப்போது ஓடுகிறது...

அறைக்கு ஓடி வரைபடத்தை விரித்தேன்.

என் வழியில் ஒரு பனியாற்று நீரோடையைக் கடக்க வேண்டும். அதை நான் பிற்பகலில் வைத்திருந்தேன். சாப்பிட்டு, இளைப்பாறி, நிதானமாக! ஏன் தெரியுமா? நான் இந்தத் தீவுக்காரன். எங்கள் ஆறு மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் போகும். பேப்பரில் செய்தி வரும், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள், அப்புறம்தான் தண்ணீர் வரும். சொல்லாமல், தினமும், வெயிலோடு சேர்ந்து ஏறுகிற ஓர் ஆறு என் கற்பனையில்கூட இருந்ததில்லை. அந்தப் பிற்பகலில் மூவரையும் நான் வெள்ளத்தில் இறக்கியிருப்பேன்!

திருத்தினேன். உடனே திருத்தினேன். கூடாரத்தை இக்கரையில் போட்டு, விடியும் முன் ஓடையைக் கடப்பது என்று மாற்றினேன். மறுநாள் அவர்களிடம், முதலிலிருந்தே அறிந்தவன் போல, "வெயில் ஏறிட்டா அந்தத் தண்ணி நம்மை விடாது" என்றேன். ராஜேந்திரன் ஜெயந்தியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, அண்ணன் அங்கயே பொறந்து வளர்ந்த மாதிரி பேசுறாரு!"

இனித்தது... அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது!

ஆனால் அன்று முதல் வேறொன்று என்னை அரிக்கத் தொடங்கியது. இந்தப் பிழையை ஒரு மாமியின் வடாம் காட்டிக்கொடுத்தது. மற்றவற்றை யார் காட்டுவார்கள்? என் கோட்டில் இன்னும் எத்தனை ஓடைகள், எத்தனை பிற்பகல்கள்? "என் வழியில் ஓட்டை இருக்கிறது, மலையறிந்த ஒருவரிடம் முழுதும் காட்டுவோம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வழி என்னுடையதாக இராது. சொல்லாமல், தைரியமாகக் கூடப் போயிருக்கலாம். அதுவும் முடியவில்லை.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில் மலைக்கோட்டைப் படியில் உட்கார்ந்தேன். "முழங்கால்..." என்றேன். ஒரே ஒரு சொல்.

ராஜேந்திரன் முதுகுச் சுமையை வீசிவிட்டு என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எங்கண்ணே? இங்கயா?" என்று அமுக்கினார். நான் முகம் சுளித்தேன். ஜெயந்தியின் கண் கலங்கிவிட்டது. "நீங்க இல்லாம எப்படிண்ணா? தள்ளிப் போட்டுருவோம்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்காக நிக்காதீங்க. வழியிருக்கு, போயிட்டு வாங்க."

என் உடம்பை நம்பி ஒப்படைக்க மாட்டாத ஒரு கோட்டில் இரண்டு உயிர்களை ஏற்றி அனுப்பினேன். இதுதான் என் குற்றம். முழங்கால், நான் தப்பித்து வெளியேறிய வெறும் வாசல்.

அவர்கள் திரும்பி வரும்வரை, இன்று எங்கே இருப்பார்கள் என்று தினமும் அந்தக் கோட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.

வந்தார்கள்! ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மூக்குத்தோல் உரிந்து, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டு! ஜெயந்தி மூச்சுவிடாமல் பேசினாள். "நீங்க சொன்ன மேட்டுலதாண்ணா ஒவ்வொரு கூடாரமும். ஓடையில விடியக்காலம் முட்டிக்கால் அளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் மேலருந்து திரும்பிப் பாத்தோம்... அதே ஓடையில வெள்ளம், பாறாங்கல்லு உருள்ற சத்தம்! வழிகாட்டி கேக்குறாரு, இதைப் போட்டவரு எத்தனை தடவை வந்திருக்காருன்னு. ஒரு தடவையும் இல்லைன்னேன். மனுஷன் நம்பவே இல்ல."

அந்தக் கணத்தை எதற்கும் மாற்றித் தரமாட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அந்த வழிதான். நான் மிதிக்காத மலையில், என் வரி பிசகாமல் இரண்டு பேர் நடந்து வந்திருக்கிறார்கள்!

அப்போது ராஜேந்திரன் பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தார். மலையூரில் ஏதோ பழக்கொட்டையில் ஆட்டிய எண்ணெய். "வழிகாட்டி உங்களுக்குன்னு குடுத்தாருண்ணே. முட்டிக்கு நல்லதாம்."

பல இரவுகள் அதைத் தேய்த்துக்கொண்டேன். நோயில்லாத காலுக்கு மருந்து. நல்ல வாசனை...

அதன்பின் சில ஆண்டுகள் நொண்டிக்கொண்டே போயின. இப்போது மறுபடி ஒரு வழி போட்டிருக்கிறேன். முன்னதைவிட நீளம். நடுவில் ஓர் உயர்ந்த கணவாய்; இரண்டு பனியாறுகள் பிறக்கும் இடம். அந்தக் கணவாயின் மேல் நிற்க வேண்டும் என்பது ஜெயந்தியின் ஆசை. ஆலையைப் பெரிதாக்குகிறாள்; இனி இத்தனை நாள் விட்டுவிட்டு வர முடியாது. இதுவே கடைசி என்று அவளே சொன்னாள். இந்த முறை வழியை மலையறிந்தவரிடம் காட்டச் சொன்னதும் நான்தான். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை.

போன வாரம் இருவரும் வந்தார்கள். ராஜேந்திரன் கையில் அலுமினியக் குழாயில் அவரே பற்றவைத்த ஒரு கைத்தடி. என் உயரத்துக்கு அளவெடுத்தது போல, எப்போது அளந்தாரோ!

"இந்தத் தடவை உங்களை விட்டுட்டுப் போறதா இல்லண்ணே," என்றார்.

"உங்க காலுக்குத் தக்கன மாத்திப் போடுங்கண்ணா," என்றாள் ஜெயந்தி. "அந்தக் கணவாய் வேணாம். கீழயே போலாம்."

"உன் ஆசை?"

"ஆசைக்கென்ன... உங்களை ஐஸ் மேல நிக்க வச்சுப் பாக்கணுங்கிறதும் ஆசைதான்."

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "இந்தக் காலுக்கு ஒன்றுமில்லை ஜெயந்தி, நீ கணவாய்க்குப் போ." இவ்வளவுதான் வாக்கியம். வாழ்நாளெல்லாம் வாக்கியங்களோடு குடும்பம் நடத்தியவனுக்கு அது ஒரு பெரிய வாக்கியமா?

"சரிம்மா, மாத்திடறேன்," என்றேன்.

மாற்றிவிட்டேன். கணவாய்க்கு ஏறும் கோட்டை ரப்பரால் தேய்த்து அழித்தேன். பனியாற்றின் ஓரமாக, மெல்ல மெல்ல இறங்கி, நொண்டுகிறவன் ஒருவனுக்காக வளைந்து செல்லும் புது வழி. அவள் ஏறாத உயரம் பக்கத்தில் வெறும் தாளாக இருக்கிறது; அழித்த தடம் மட்டும் லேசாகத் தெரிகிறது. இத்தனை தூரம் போய், பனியின் மேலும் நான் நொண்ட வேண்டும்... அவள் எனக்காக மெதுவாக நடப்பாள்.

ஆனாலும், கேள். அந்தப் புதுக் கோடும் அழகாகத்தான் வந்திருக்கிறது. ஒரு பிசகு இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்!

கீழே வண்டிச் சத்தம். கொள்ளிடத்துப் பயிற்சிக்கு அழைத்துப்போக ராஜேந்திரன் வந்துவிட்டார்.

கைத்தடியை எடுக்கிறேன்.