அன்றைக்குச் சரியான வியாக்கியானம்

எங்கள் குடும்பத்தில் வேதப் புத்தகத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததில்லை. அதற்குப் பொருள் சொல்பவர்களுக்கும்தான். அப்பா அமெரிக்க மிஷன் என்ற புரொட்டஸ்தாந்து சபைக்காரர். அம்மா கத்தோலிக்க வீட்டில் பிறந்து கல்யாணத்துக்காக மிஷன் கோயிலுக்கு மாறியவர். அவருடைய தமக்கையான பெரியம்மா மாறாதவர், தங்கை மாறியதை மன்னிக்காதவர். அப்பாவின் தம்பியான சித்தப்பா இரு பக்கத்தையும் தள்ளிவிட்டு, விளங்கும் வயதில் தானாகக் கேட்பவரை மட்டும் நீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருந்தார். பின்னாளில் நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் ஒரே சுற்றறிக்கைக்கு மூன்று கிளைகள் மூன்று பொருள் எடுத்தபோது எனக்கு அது புதுமையாக இருக்கவில்லை.

என் தம்பி மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மாதம் முந்திப் பிறந்தான். பஞ்சில் சுற்றி அம்மாவின் நெஞ்சோடு வைத்திருந்தார்கள். பால் இழுக்க அவனுக்குத் தெம்பில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்ன டொக்டர், எதுவரை என்று சொல்லவில்லை.

பெரியம்மா பஸ் பிடித்து, கையில் ஒரு செம்போடு வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை கடவுளின் முகம் காணாத இடத்துக்குப் போகும் என்று விறாந்தையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு எட்டு வயது. அந்த இடம் இருட்டாக இருக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். உயிர் ஆபத்தென்றால் சுவாமியாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் தலையில் நீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லலாம் என்பது கத்தோலிக்க விதி. நடைமுறையில் பெரியம்மாவிடம் பிழையே இல்லை.

அப்பா மெதுவாகத் தடுத்தார். மிஷன் முறைப்படி அதைப் போதகர் சபையார் முன்னிலையில் கொடுக்க வேண்டும், விசுவாசிகளின் பிள்ளை ஏற்கெனவே கடவுளின் பிள்ளைதான், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லில் மட்டும் அவர் குரல் சற்றே தடுக்கியது.

எல்லாருக்கும் ஆதாரம் ஒரே இடம்தான். குழந்தைகளை என்னிடம் வர விடுங்கள் என்று இயேசு சீடர்களைக் கண்டித்த இடம். வர விடு என்றால் இப்போதே என்பது பெரியம்மாவின் வியாக்கியானம். சபைக்குள் என்பது அப்பாவுடையது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற சித்தப்பாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

“வடிவா வாசியுங்கோ அக்கா. அணைச்சார், கை வைச்சார், ஆசீர்வதிச்சார். அதுக்குள்ளை தண்ணி எங்கை கிடக்கு?”

“உமக்குச் செம்புத் தண்ணி காணாது, கடல் வேணும். உள்ளங்கையளவு பிள்ளையைக் கீரிமலைக்கோ கொண்டு போகப் போறீர்?”

“இப்ப ஆர் கேட்டது? அவன் வளந்து, விளங்கி, தானா வந்து கேப்பான். அப்ப நானே கூட்டிக்கொண்டு போறன்.”

பெரியம்மா அவரைப் பொருட்படுத்தாமல் செம்பைத் தூக்கினார். ஊற்றட்டும் என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அம்மா தம்பியின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, சித்தப்பாவைக் கண்ணால் காட்டினார்.

“தம்பி சொல்லுறதுதான் சரி. செம்பைக் கீழை வையுங்கோ அக்கா. அவன் வளந்து தானாக் கேக்கட்டும்.”

பெரியம்மா அழுதார். அப்பா நிலத்தைப் பார்த்தார். சித்தப்பாவோ தம் முதல் ஆத்துமாவை அறுவடை செய்த முகத்தோடு நின்றார். தம்பியை இருட்டுக்குள் அனுப்பத் துணிந்துவிட்டாரே என்று எனக்கு அம்மா மேல் பொல்லாத கோபம். அன்று முழுவதும் நான் அவர் பக்கம் போகவில்லை.

அடுத்தநாள் காலை தம்பி பால் இழுத்தான். சத்தம் விறாந்தைக்குக் கேட்டது. பெரியம்மாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் கண்டேன். எனக்கு எதற்கென்று தெரியாமல் பசித்தது.

தம்பி கொழுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷன் கோயிலில் முறைப்படி அவன் தலையில் நீர் தெளித்தார்கள். அம்மாவே தூக்கிக்கொண்டு போனார். சித்தப்பா வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டார்.

“அண்டைக்கு நான் சொன்னதுதான் சரியெண்டியளே?”

“அண்டைக்குச் சரிதான், தம்பி. தேத்தண்ணி குடியுங்கோ.”

அம்மாவுக்குக் கொள்கை என்று ஒன்று கிடையாது என்று நான் முடிவு கட்டினேன். பல வருடம் அந்த முடிவோடேயே இருந்தேன். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி எடுத்துச் சொல்லப்பட்ட வியாக்கியானங்களில், சித்தப்பாவுடையதில் மட்டும்தான் தம்பி பெரியவனாக வளர்ந்திருந்தான் என்பது எட்டு வயதில் எனக்குப் புலப்படவில்லை.