இறங்கி ஏறுகிறவள்

வத்தலக்குண்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போன அன்று நடந்த பேச்சைத் தமயந்தி பஸ்ஸில் பலமுறை சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாலும் ஒரு வார்த்தை மாறாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஜெயப்பிரியாவுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மேனேஜர் முதலில் சான்றிதழைப் பார்த்தாராம். லேப் டெக்னீசியன் படிப்பு, நல்ல மார்க். பிறகு முகவரியைப் பார்த்தாராம்.

“பெரும்பாறையா? மலை மேலயா?”

“ஆமாங்க சார்.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சுங்க. ஒரு பொண்ணு. ரெண்டாப்பு படிக்கிறா.”

“அப்ப இங்கயே வீடு பாத்துக்கங்க. இல்லேன்னா நம்ம ஹாஸ்டல் இருக்கு, தங்கிக்கலாம்.”

“எனக்கு வீடு இருக்குங்க சார்.”

“அது மேலல்ல இருக்கு?”

“ஆமாங்க. வீடு மேல, சோலி கீழ. தினமும் வந்துட்டுப் போயிருவேன்.”

“அப் அண்ட் டவுனா?” மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். “அப் அண்ட் டவுன் ஆளுங்கள வச்சு நான் பட்டதெல்லாம் போதும்மா. நாலு மணிக்கே கண்ணு கடிகாரத்துக்குப் போயிரும்.”

“எனக்கு அப் அண்ட் டவுன் இல்லைங்க சார். டவுன் அண்ட் அப். காலையில எறங்குவேன், சாயங்காலம் ஏறுவேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“கீழ வீடு இருக்கிறவங்களுக்கு ஒண்ணா இருக்கலாங்க.”

அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. சேரும்போது கொடுத்த படிவத்தில், தினமும் எப்படி வருவீர்கள் என்ற இடத்தில், தமயந்தி கொட்டை எழுத்தில் ‘டவுன் அண்ட் அப்’ என்றே எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்தப் படிவம் மருத்துவமனை அலமாரியில் இருக்கும்.

தமயந்திக்கு அப்போது முப்பத்தொரு வயது. கட்டையான உடம்பு, உரத்த குரல். அவளுடைய அப்பாவும் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தவர்கள். கணவன் திருமலைச்சாமி மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறுகிறவன். மகள் தாரணி. இந்தக் குடும்பத்தில் கீழே போய்ச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் தமயந்தி. ஆனால் சம்பளத்தைவிட அவளுக்குப் பெரிதாக இருந்தது ஒன்றுதான்: ராத்திரி தன் வீட்டில், தன் பிள்ளை பக்கத்தில் படுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் பெரும்பாறையிலிருந்து கீழே வேலைக்குப் போன மூன்று பெண்களில் இருவர் ஹாஸ்டலுக்குப் போனார்கள், ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள். தமயந்தி இரண்டையும் செய்வதாக இல்லை.

மலையில் ‘அப் அண்ட் டவுன்’ என்ற அந்த ஆங்கிலச் சொல் காதில் விழாமல் ஒரு நாள் போகாது. சீசனில் டாக்ஸிக்காரர்கள் “அப் அண்ட் டவுனா, ஒன்சைடா?” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். காலியாகத் திரும்பும் வண்டிக்கும் சேர்த்து வாடகை என்பது அதன் அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ‘அந்த டீச்சர் அப் அண்ட் டவுன்’ என்றால், பலத்த மழை பெய்யும் நாளில் வகுப்பு நடக்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு அப் அண்ட் டவுன் போகுதாமே?” என்று இழுத்தால், காப்பி டம்ளரை எடுத்து வைத்துவிடலாம், இனி அவர்கள் வரமாட்டார்கள்.

ஜெயப்பிரியா கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். கீழே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருந்தாள். இரண்டு மொழியிலும் நன்றாக எழுதுவாள், இரண்டு மொழியிலும் வாயைத் திறக்க மாட்டாள். ஒருநாள் எப்படியோ துணிந்து, அகராதியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் இருப்பதாகத் தமயந்தியிடம் சொன்னாள். மனசு ஒருநாள் நன்றாக இருந்து மறுநாள் சரிந்துபோவது. அறைக்குள் இங்கேயும் அங்கேயுமாக நடப்பது. ஒரு ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்வையால் அளப்பது.

“கடைசியாச் சொன்னியே, அதத்தானே நம்ம செல்வமுருகன் டெய்லி பண்றான்!” என்றாள் தமயந்தி, கண்டக்டரான அவனுக்கும் கேட்கும்படி.

“யக்கா, நான் டிக்கெட்டத்தான் பாத்தேன்!”

“டிக்கெட்டு கையில இருக்கு தம்பி. கால்ல இல்ல.”

பஸ்ஸே சிரித்தது. ஜெயப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னால் இத்தனை பேர் சிரித்தார்கள் என்பது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அது ஒரு தனியார் பஸ், பச்சை நிறம். மாலை ஐந்தே முக்காலுக்கு வத்தலக்குண்டில் கிளம்பி, சித்தரேவு, அய்யம்பாளையம் தாண்டி மலை ஏறும். பெரும்பாறையில் எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலியாக இறங்கும். அந்தக் காலி இறக்கம் முதலாளியை உறுத்தியது. ஒரு ஆவணி மாதம் டிரைவர் வேலப்பனுக்கு உத்தரவு வந்தது: கூட்டம் குறைவான நாளில் பாதி மலையோடு திரும்பிவிடு.

பாதி மலை என்றால் எங்கு வேண்டுமானாலும் திரும்பிவிட முடியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பஸ்ஸைத் திருப்புவதற்கு அந்தப் பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் இடம் உண்டு. வாழைத்தார் லாரிகள் நின்று போவதற்காக உள்ளடங்கிக் கிடக்கும் மண்தரை. பஸ் அதற்குள் பின்னால் போக வேண்டும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று, விளிம்பு எவ்வளவு தூரம் என்று பார்த்து விசில் கொடுக்க வேண்டும். விசில் இல்லாமல் எந்த டிரைவரும் அங்கே ரிவர்ஸ் எடுக்கமாட்டான். அந்த வளைவை விட்டால் அடுத்து வண்டி திரும்பும் இடம் பெரும்பாறைதான்.

“ஜீப் வரும், எல்லாரும் எறங்கிக்கங்க,” என்பான் செல்வமுருகன். ஜீப் சில நாள் வரும். வராத நாளில் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். மழையில் அட்டை கடிக்கும். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர், முணுமுணுத்துக்கொண்டே நடப்பார்கள். முதல் வாரம் தமயந்தியும் நடந்தாள். இரண்டு நாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தாரணி சாப்பிடாமலே தூங்கியிருந்தாள்.

மறுநாள் அந்த வளைவில் பஸ் நின்றதும், சொல்வதற்கு முன்பே முதல் ஆளாக இறங்கியவள் தமயந்தி. நேராக மண்தரையின் நடுவுக்குப் போனாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, டிபன் பையை மடியில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலப்பன் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். “ஏலே, விசிலக் காணோமே?”

“அண்ணே, பின்னாடி அந்த லேப் அக்கா உக்காந்திருக்கு.”

“எந்திரிக்கச் சொல்லு.”

“சொல்லிட்டேன். காலு மரத்துப் போச்சாம்.”

வேலப்பன் இறங்கி வந்தான். “தாயி, வெளையாடாத. இருட்டப் போகுது. வெரசா எந்திரி.”

“நீங்க வெரசா ஏறுங்கண்ணே. மேல போய்த் திரும்புங்க. பெரும்பாறையில எடம் பெருசாக் கெடக்கு.”

“மொதலாளி சொன்னதத்தான நான் செய்றேன்?”

“நானும் டிக்கெட்டுல போட்டிருக்கிறதத்தான் கேக்குறேன். பெரும்பாறைன்னு போட்டிருக்கு. வாசிச்சுப் பாருங்க.”

“சரி, பெரும்பாறைக்கே போறேன். வந்து ஏறு.”

“நான் ஏறுனா நீங்க திருப்பிருவீங்க. மத்தவங்கள ஏத்திட்டுக் கெளம்புங்க. பஸ் இந்த வளைவத் தாண்டுனாத்தான் நான் எந்திரிப்பேன்.”

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பஸ் மேலே போக வேண்டுமென்றால் ஒரு ஆள் கீழே உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆளுக்கு அன்று பஸ் இல்லை. ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுப் படியேறினார். பின்னாலேயே மற்றவர்கள். ஜெயப்பிரியாவும் ஏறினாள். அவளுக்கு மறுநாள் தேர்வு இருந்தது. பின் கண்ணாடி வழியாக, மண்தரையில் உட்கார்ந்திருந்த உருவம் பனியில் கரையும்வரை பார்த்துக்கொண்டே போனாள். தேர்வு ஒரு சாக்குத்தான் என்று அவளுக்கே தெரியும்.

பாதி வழியில் திருமலைச்சாமி டார்ச்சுடன் இறங்கி வந்து கூட்டிப் போனதாக மறுநாள் தமயந்தி சொன்னாள். “காலி பஸ்ஸு எங்களத் தாண்டிக் கீழ போச்சு பாத்துக்க, நான் கையக் காட்டி டாட்டா சொன்னேன். வேலப்பண்ணே லைட்ட டிம் பண்ணிட்டுப் போறாரு!”

இரண்டாம் நாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவள் உட்கார்ந்த பிறகு வேலப்பன் வளைவைத் தாண்டி முப்பது அடி மேலே பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடித்து, அவள் ஏறும்வரை காத்திருந்தான். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. யார் யாரையோ பிடித்து மருத்துவமனைக்குப் பேசினார். மேனேஜர் தமயந்தியைக் கூப்பிட்டு, இந்த அப் அண்ட் டவுன் தகராறெல்லாம் வேண்டாம், ஒன்று ஹாஸ்டல், இல்லை வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

“சார், நான் ஒருநாளாவது லேட்டா வந்திருக்கேனா?”

“அது இல்லம்மா…”

“எடுத்த ரத்தத்துல ஒண்ணாவது மாறிப் போயிருக்கா?”

“இல்ல, ஆனா…”

“எட்டரைலருந்து அஞ்சு வரைக்கும் எத்தன பேருக்கு ஊசி குத்தணுமோ சொல்லுங்க, குத்துறேன். ராத்திரி நான் எங்க படுக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. வேண்டாம்னா எழுத்துல குடுங்க. ஏன்னு காரணமும் அதுலயே எழுதுங்க.”

எழுத்தில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவள் பாட்டுக்கு இறங்கினாள், ஏறினாள். பஸ் பெரும்பாறை வரை போனது. முதலாளி மட்டும் மனசு மாறவில்லை. தமயந்தி வராத நாள் எது என்று செல்வமுருகனிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பையனே வந்து அவளிடம் அதைச் சொல்லிவிட்டான்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. தமயந்திக்குத் திண்டுக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி, தங்கித்தான் ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் வெளியே படுக்கப்போகும் முதல் இரண்டு ராத்திரி. காலை பஸ்ஸுக்கு வெள்ளனே வந்து, ஜெயப்பிரியாவுக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவள் வந்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அய்யம்பாளையம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கும் நாளைக்கும் சாயங்காலம் நான் பஸ்ல இருக்க மாட்டேன் புள்ள. அவங்களுக்கும் தெரியும். இன்னைக்கு மட்டும் திருப்பிட்டாங்கன்னா அப்புறம் டெய்லி திருப்புவாங்க. நீ எறங்கி உக்காரணும். உனக்குப் பேச வராது, தெரியும். பேச வேண்டாம். கத்துனாக் கத்தட்டும். எல்லாரும் ஏறுன பெறகும் எந்திரிச்சிராத, பஸ் வளைவத் தாண்டணும். உங்க வீட்ல நேத்தே சொல்லிட்டேன், டார்ச் எடுத்துட்டு எங்க வீட்டுக்காரு வருவாரு. உக்காருவியா?”